மூன்றாம் நாளே கைவிடப்படும் டைம்டேபிள்

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட கல்லூரி மாணவி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

வயது இருபது. இளங்கலை மூன்றாம் ஆண்டு. செமஸ்டர் தேர்வுக்கு ஒன்பது வாரம் இருக்கிறது. ஐந்து தாள்கள், அதோடு போன வருடம் தோற்ற புள்ளியியல் அரியர். ஆறு வாரத்தில் ப்ராஜெக்ட் அறிக்கையையும் கொடுத்தாக வேண்டும்; இதுவரை தலைப்பும் உள்ளடக்கப் பட்டியலும்தான் தயார். வாரத்தில் நான்கு மாலை பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறார். அந்த வருமானம் அவருக்குத் தேவை. சனி, ஞாயிறு காலைகளில் கைப்பந்துப் பயிற்சி.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை இரவும் புதிதாக ஒரு டைம்டேபிள் போடுகிறார். காலை 4.30-க்கு எழுவது, இரவு 11.30-க்குப் படுப்பது, நடுவில் அரை மணிக்கு ஒரு கட்டம், பாடத்துக்கு ஒரு நிறம். திங்கள் நன்றாகப் போகிறது. செவ்வாய் தடுமாறுகிறது. புதன்கிழமை அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கிவிடுகிறார். ‘இந்த வாரம் போச்சு, அடுத்த வாரம் ஒழுங்கா ஆரம்பிக்கலாம்’ என்று விட்டுவிடுகிறார். “நான் சோம்பேறி என்று எனக்கே தெரிகிறது. என் தோழி இவ்வளவு பாடுபடாமலே நல்ல மதிப்பெண் வாங்குகிறாள். வீட்டில் தினமும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள்” என்று எழுதியிருக்கிறார்.

அவர் கேட்டிருப்பவை: தவறாமல் 4.30-க்கு எழுவது எப்படி? நல்ல செயலி எது? ஐந்து மணி நேரத் தூக்கம் போதுமா, தோழி ஒருத்தி விழித்திருக்க மாத்திரை போடுகிறாளே, அது சரியா? கைப்பந்தை விடுவதா, இல்லை அரியரை இப்போதைக்கு ஒத்திப்போடுவதா?

அன்புள்ள மாணவிக்கு,

கடிதத்தோடு உங்கள் கடைசி டைம்டேபிளின் படத்தையும் அனுப்பியிருந்தீர்கள். நல்லதாகப் போயிற்று. உங்கள் கேள்விகளுக்கான பதிலில் பாதி அந்தத் தாளிலேயே இருக்கிறது. அதை உங்களால் பின்பற்ற முடியாமல் போனது சோம்பலால் அல்ல. அந்த டைம்டேபிளை யாராலும் பின்பற்ற முடியாது.

முதலில் 168-லிருந்து கழியுங்கள்

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். உங்கள் கடிதத்தில் உள்ள விவரத்தை வைத்தே கணக்குப் போடுகிறேன். வகுப்பு, வாரம் 30 மணி. போக வர 10 மணி. குளியல், சாப்பாடு, துணி துவைப்பது, வீட்டு வேலை எல்லாம் சேர்த்து நீங்கள் சொன்னபடி நாளுக்கு மூன்று மணி, ஆக 21. பாடம் சொல்லித் தருவது 6. கைப்பந்து 4. தூக்கத்துக்கு நாளுக்கு எட்டு மணி வைத்தால் 56. கூட்டினால் 127 வருகிறது. மிச்சம் 41 மணி நேரம்.

உங்கள் டைம்டேபிளில் நிறம் தீட்டிய படிப்புக் கட்டங்களை எண்ணிப் பார்த்தேன். வாரத்துக்கு 62 மணி நேரம் படிப்பதாகப் போட்டிருக்கிறீர்கள். 41 எங்கே, 62 எங்கே? இடையில் உள்ள 21 மணி நேரம் முழுவதையும் தூக்கத்திலிருந்து எடுத்திருக்கிறீர்கள், நாளுக்கு மூன்று மணி வீதம். அப்படி எடுத்தும் வாரம் முழுக்கச் சும்மா உட்கார ஒரு நிமிடம்கூட மிஞ்சவில்லை. பேருந்து தாமதமானால், தலைவலி வந்தால், அம்மா ஒரு வேலை சொன்னால், அத்தோடு அன்றைய நாள் சரிந்துவிடும். திங்களன்று மனஉறுதியால் தாக்குப்பிடிக்கிறீர்கள். புதன்கிழமை உடம்பு மறுத்துவிடுகிறது. அலாரத்தை நீங்கள் அணைக்கிறீர்கள் என்று நினைக்கிறீர்கள். மூன்று நாள் தூக்கக் கடன்தான் அணைக்கிறது.

இனி அந்த 41-லிருந்து நாளுக்கு இரண்டு மணி நேரம் உங்களுக்கென்று எடுத்து வையுங்கள். பேச, நடக்க, போன் பார்க்க, எதுவும் செய்யாமல் இருக்க. மிச்சம் 27. அதிலும் ஐந்து மணி நேரத்தை வெறுமையாக விடுங்கள். வாரத்தில் எங்காவது ஏதாவது நழுவும், அதைப் பிடிக்க இந்த ஐந்து மணி நேரம். திட்டம் போட உங்கள் கையில் இருப்பது 22 மணி நேரம். குறைவாகத் தெரிகிறதா? ஒன்பது வாரத்துக்கு அது 198 மணி நேரம். 62 என்று எழுதி 12 மட்டும் படிக்கும் வாரத்தைவிட, 22 என்று எழுதி 20 படிக்கும் வாரம் உங்களை வெகுதூரம் கொண்டுபோகும்.

இது என் கணக்கு. உங்கள் கணக்கை நீங்களே சரிபார்க்க வேண்டும். இந்த ஒரு வாரம் டைம்டேபிளே போடாதீர்கள். ஒரு சின்ன நோட்டில், நடந்ததை மட்டும் குறியுங்கள். ‘6.40 முதல் 7.15 வரை போன்’, ‘9 முதல் 9.50 வரை பொருளியல், நன்றாகப் போனது’ என்று அவ்வளவுதான். உங்களைத் திட்டும் குறிப்பு எதுவும் வேண்டாம். எந்த நேரத்தில் தலை தெளிவாக வேலை செய்கிறது, எது நினைத்ததைவிட அதிக நேரம் பிடிக்கிறது என்று நோட்டே காட்டிக்கொடுக்கும்.

மணிக்கு அல்ல, வேலைக்குத் திட்டமிடுங்கள்

‘7 முதல் 9 வரை புள்ளியியல்’ என்று எழுதினால், ஒன்பது மணிக்கு முடித்துவிட்டோமா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? நோட்டைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தாலும் அந்தக் கட்டம் நிறைந்துவிடும். ‘நிகழ்தகவு, பயிற்சியில் முதல் ஆறு கணக்கு’ என்று எழுதுங்கள். முடிந்ததும் அடித்துவிடலாம். ப்ராஜெக்டுக்கும் இப்படித்தான். ‘அறிக்கை எழுது’ என்பது ஒரு வேலையே இல்லை, அது நாற்பது வேலைகளின் மூட்டை. ‘இரண்டாம் அத்தியாயத்துக்கு மூன்று கட்டுரைகளைப் படித்து ஒவ்வொன்றுக்கும் ஐந்து வரி குறிப்பு’ என்பதுதான் வேலை.

எவ்வளவு நேரம் ஆகும் என்ற மதிப்பீட்டில் நாம் எல்லோருமே தவறுகிறோம். டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 1979-லேயே இதைப் பற்றி எழுதினார்கள். 1994-ல் கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள், இறுதியாண்டு ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த உளவியல் மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே மோசமாகப் போனால் எத்தனை நாள் என்று கேட்டதற்கு ஏறக்குறைய 49 என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கு மேல். எல்லாமே கெட்டுப்போனால் என்று கற்பனை செய்து சொன்ன நாளையும் தாண்டியே முடித்திருக்கிறார்கள். அதனால் உங்கள் மனதில் தோன்றும் நேரத்தோடு அதில் பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டு மணி என்று தோன்றினால் மூன்று. அறிக்கையைப் பொறுத்தவரை, ஆறாவது வார முடிவு என்பதை மறந்துவிட்டு நான்காவது வார முடிவைக் கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எதைத் தள்ளிப்போடுகிறீர்கள்?

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த இடம் இது. “புள்ளியியல் கட்டம் வந்தால் மேஜையைத் துடைக்கிறேன். பேனாக்களை அடுக்குகிறேன். அப்புறம் டைம்டேபிளில் அடித்தல் திருத்தல் அதிகமாகிவிட்டது என்று அதையே திரும்ப அழகாக எழுதுகிறேன். அதற்குள் பத்து மணி ஆகிவிடுகிறது.” மற்ற பாடங்களைப் பற்றி இப்படி ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை. பொருளியலை உட்கார்ந்தால் படித்துவிடுவதாகவே சொல்கிறீர்கள்.

சோம்பேறி மேஜையைத் துடைக்க மாட்டார். நீங்கள் மும்முரமாக வேலை செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள், புள்ளியியலைத் தொடாமல் இருப்பதற்காக. ஒருமுறை தோற்ற பாடம். நோட்டைத் திறந்தாலே அந்த மதிப்பெண் பட்டியல் ஞாபகத்துக்கு வருகிறது, வயிற்றைப் பிசைகிறது. மூடிவிட்டால் உடனே நிம்மதி. ஃபூஷியா சிரோய், டிமோதி பிச்சில் போன்ற ஆய்வாளர்கள் 2013-லிருந்து இதைத்தான் சொல்லி வருகிறார்கள்: தள்ளிப்போடுவது பெரும்பாலும் நேரத்தைக் கையாளத் தெரியாததால் வருவதல்ல, ஒரு வேலை கிளப்பும் கசப்பான உணர்விலிருந்து அந்த நிமிடத்துக்குத் தப்பிக்கும் வழி அது. எவ்வளவு நல்ல டைம்டேபிளும் இதைத் தீர்க்காததற்குக் காரணம் இதுதான். உங்கள் விஷயத்தில் டைம்டேபிள் போடுவதே தப்பிக்கும் வழியாகவும் ஆகிவிட்டது.

அதனால் புள்ளியியலைத் தனியாகக் கவனிப்போம். முதலில், எங்கே புரியாமல் போனது என்று தேடுங்கள். கருதுகோள் சோதனையில் திணறுவதாக எழுதியிருக்கிறீர்கள். திட்ட விலக்கம் என்ன சொல்கிறது என்று மனதில் பிடிபடாமல் அங்கே போனால் யாருக்கும் திணறத்தான் செய்யும். புத்தகத்தில் இரண்டு மூன்று அத்தியாயம் பின்னே போங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. பாடம் நடத்தியவரிடமோ, அந்தத் தாளை நன்றாக எழுதிய சக மாணவரிடமோ வாரம் ஒரு மணி நேரம் கேளுங்கள். தனியாக உட்கார்ந்து பயப்படும் பாடத்தை இன்னொருவரோடு உட்கார்ந்து படிப்பது எளிது.

அடுத்து, தொடங்குவதற்கான அளவைச் சின்னதாக்குங்கள். பத்து நிமிடம், ஒரே ஒரு கணக்கு. பத்து நிமிடம் கழித்து நிறுத்திக்கொள்ள உங்களுக்கு அனுமதி உண்டு, நிஜமாகவே. எப்போது தொடங்குவது என்பதையும் முன்கூட்டியே ஒரு வாக்கியமாக முடிவு செய்து வையுங்கள்: ‘வகுப்பு முடிந்து நூலகத்தில் போய் உட்கார்ந்ததும், பையிலிருந்து முதலில் புள்ளியியல் நோட்டை எடுப்பேன்.’ இடத்தையும் நேரத்தையும் இப்படிச் செயலோடு கட்டிப்போடுவது, ‘நிறையப் படிக்க வேண்டும்’ என்ற பொதுவான தீர்மானத்தைவிட நன்றாக வேலை செய்கிறது என்று பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டுகின்றன.

அப்புறம், உங்களைத் திட்டிக்கொள்வதை நிறுத்துங்கள். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. 2010-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்ட முதலாண்டு மாணவர்கள், அடுத்த தேர்வுக்கு முன் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். குற்ற உணர்வு கூடக்கூட நோட்டைத் திறக்கும் பயமும் கூடும். புதன்கிழமை தவறினால் வியாழக்கிழமை அடுத்த வேலையிலிருந்து தொடருங்கள். அடுத்த ஞாயிறுக்காகக் காத்திருக்க எந்தக் காரணமும் இல்லை.

அதே நேரத்தில் அதிகம் தங்கும் படிப்பு

நீங்கள் குறிப்புகளைத் திரும்பத் திரும்ப வாசித்து, ஹைலைட்டரால் கோடு போட்டுப் படிப்பதாகச் சொல்கிறீர்கள். உங்கள் நேரம் கரையும் இன்னொரு இடம் இது. 2006-ல் ரோடிகர், கார்பிக் இருவரும் செய்த சோதனையில், ஒரு பகுதியை நான்கு முறை வாசித்த மாணவர்களையும், ஒருமுறை வாசித்துவிட்டு மூன்று முறை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களுக்கு நினைவில் இருந்தது 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். வாசிக்கும்போது ‘தெரிந்த மாதிரி’ இருப்பது நம்மை ஏமாற்றுகிறது. தேர்வறையில் நோட்டு மூடியிருக்கும் அல்லவா, வீட்டிலும் மூடிவைத்துப் பழகுங்கள். ஒரு வெள்ளைத்தாளில் ஞாபகத்தில் இருப்பதை எழுதி, பிறகு நோட்டைத் திறந்து விட்டுப்போனதை வேறு மையில் சேருங்கள். அந்த வேறு மை மட்டும்தான் நீங்கள் மறுபடி படிக்க வேண்டியது. மறுநாள் ஒருமுறை, நாலைந்து நாள் கழித்து ஒருமுறை, இரண்டு வாரம் கழித்து ஒருமுறை இதைச் செய்தால், கடைசி இரவு கண்விழிக்கத் தேவை இருக்காது.

உங்கள் தோழி எப்படிப் படிக்கிறார் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் முழுதாகத் தெரியாது. அவருடைய மதிப்பெண்தான் நம் கண்ணில் படுகிறது. அந்த ஒப்பீட்டை இதோடு விட்டுவிடுவோம்.

தூக்கம், மாத்திரை, 4.30 மணி

இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. உங்கள் வயதில் ஏழு முதல் ஒன்பது மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பதே தூக்க மருத்துவ நிபுணர்களின் பரிந்துரை. “ஐந்து மணி நேரம் எனக்குப் பழகிவிட்டது” என்கிறீர்கள். 2003-ல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், இரண்டு வாரம் நாளுக்கு ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களின் கவனமும் நினைவுத்திறனும் நாளுக்கு நாள் சரிந்தன. இரண்டு இரவு வரை தூங்காமலே இருந்தவர்களின் அளவுக்குப் போயின. ஆனால் அவர்களுக்குத் தங்கள் சரிவு பெரிதாகத் தெரியவில்லை. பழகிப்போவது அந்தக் களைப்பு மட்டும்தான். அன்று படித்தது மனதில் பதிவதற்கும் தூக்கம் வேண்டும். படிப்பதற்காகத் தூக்கத்தை விட்டால், படித்ததையும் விடுகிறோம்.

விழித்திருக்கத் தோழி போடும் மாத்திரையைத் தயவுசெய்து தொடாதீர்கள். மருத்துவர் ஒருவரைப் பரிசோதித்து, அவர் உடல்நிலைக்கு ஏற்ற அளவில் தரும் மருந்து அவருக்கானது. அதை வாங்கிப் போட்டால் இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், பதற்றம், தூக்கம் எல்லாமே பாதிக்கப்படலாம், பழக்கமாகும் அபாயமும் உண்டு. மருந்துச் சீட்டில்லாமல் கைமாற்றுவது பல இடங்களில் சட்டப்படியும் குற்றம். காபிக்கும் ஓர் எல்லை வேண்டும். படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன் அதிக அளவில் எடுத்துக்கொண்ட காஃபீன்கூட ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கத்தைக் குறைத்ததாக 2013-ல் ஓர் ஆய்வு காட்டியது. மாலைக்குப் பிறகு வேண்டாம்.

4.30-க்கு எழுவதில் தனி மகிமை எதுவும் இல்லை. அதற்கு முந்தைய இரவு எட்டரை, ஒன்பதுக்குள் படுக்க முடிகிறவருக்கு அது நல்ல நேரம். உங்களால் முடியாது, பாடம் சொல்லிக்கொடுத்து வீடு சேரவே நேரமாகிவிடுகிறது. பதினோரு மணிக்குப் படுத்து ஏழுக்கு எழுந்திருங்கள். ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரம்.

செயலி விஷயம் சுருக்கமாக: ஒன்றும் வாங்க வேண்டாம். இருபத்தைந்து நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் இடைவெளி என்று பிரான்செஸ்கோ சிரில்லோ வகுத்த பொமடோரோ முறையைச் சாதாரணக் கடிகாரத்தில் செய்யலாம். அந்த இருபத்தைந்து நிமிடமும் போன் வேறு அறையில் இருக்கட்டும். நேரம் பார்க்கும் சாக்கில் எடுத்தால் அது சீக்கிரம் கீழே வராது.

எதை விடுவது?

கைப்பந்தை விடாதீர்கள். வாரம் நான்கே மணி நேரம். உங்கள் வாரத்தில் உடம்பு அசைவதும் நீங்கள் சிரிப்பதும் அங்கேதான் என்று கடிதமே சொல்கிறது. தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரம் மட்டும் வர முடியாது என்று அணித் தலைவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். பாடம் சொல்லித் தருவதை நிறுத்தினால் பணத்துக்கு வேறு கவலை வந்துவிடும். கடைசி மூன்று நான்கு வாரத்துக்கு நான்கு மாலையை மூன்றாக்க முடியுமா என்று அந்தப் பெற்றோர்களிடம் கேட்டுப் பாருங்கள். தேர்வுக்குப் பிறகு கூடுதல் வகுப்பு எடுத்து ஈடு செய்வதாகச் சொன்னால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

அரியரைப் பொறுத்தவரை இரண்டு வழியிலும் நியாயம் இருக்கிறது. இப்போதே எழுதினால் பாரம் இறங்கும். ஆனால் அந்தப் பயம் மற்ற ஐந்து தாள்களின் நேரத்தையும் தின்னலாம். ஒத்திவைத்தால் இப்போது மூச்சுவிட இடம் கிடைக்கும். ஆனால் மேற்படிப்புக்கோ வேலைக்கோ விண்ணப்பிக்கும் நேரத்தில் அது குறுக்கே நிற்கலாம், மறுபடி எழுத எத்தனை வாய்ப்பு என்பதற்கும் வரம்பு இருக்கலாம். கல்லூரிக்குக் கல்லூரி விதி மாறும். எனவே தோழிகள் சொல்வதை நம்பாமல் தேர்வு அலுவலகத்தில் மூன்று விஷயம் கேளுங்கள்: விண்ணப்பத்தைத் திரும்பப் பெறக் கடைசி நாள் எது, திரும்பப் பெற்றால் அது ஒரு முயற்சியாகக் கணக்கில் வருமா, அடுத்து எப்போது எழுதலாம். பதிலை எழுத்தில் வாங்குங்கள். கடைசி நாள் வரை மேலே சொன்னபடி புள்ளியியலைப் படித்துப் பாருங்கள். அதற்குள் அடிப்படை அத்தியாயங்கள் பிடிபட்டால் எழுதுங்கள். இல்லையென்றால் ஒத்திவையுங்கள். அது தோல்வி இல்லை.

ப்ராஜெக்ட் கைடிடம் நான்கு வாரமாகப் போகவில்லை என்கிறீர்கள். காட்ட எதுவும் இல்லாததால் போகவில்லை, போகாததால் எழுதவும் முடியவில்லை. இந்த முடிச்சை ஒரே ஒரு செய்தியில் அவிழ்க்கலாம்: ‘ஐயா, அறிக்கையில் பின்தங்கியிருக்கிறேன். முதல் அத்தியாயத்தின் வரைவை வரும் வெள்ளிக்குள் தருகிறேன். அதற்குப் பிறகு இருபது நிமிடம் சந்திக்க முடியுமா?’ கால அவகாசம் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. கெடு முடிவதற்கு முந்தைய நாள் கேட்பதைவிட மூன்று வாரம் முன்பே கேட்பவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

நீங்கள் கேட்காத ஒரு விஷயம்

கடிதத்தின் நடுவில், “சில நாள் எதுவுமே வேண்டாம் போலிருக்கிறது” என்று ஒரு வரி எழுதிவிட்டு உடனே வேறு விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். அதை நான் கடந்துபோக விரும்பவில்லை. தொடர்ந்து தூக்கம் கெட்டாலே மனம் சோரும், அது உண்மை. ஆனால் ஒழுங்காகத் தூங்கியும் இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே நீடித்தால், பிடித்த விஷயத்தில்கூட ஆர்வம் போய்விட்டால், அது மனச்சோர்வாக இருக்கலாம். மருத்துவரைப் பாருங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள், அன்றே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி அவரோடு போங்கள்.

இன்னொன்று. கவனம் சிதறுவது, பொருளைத் தொலைப்பது, நேரம் போவதே தெரியாமல் இருப்பது எல்லாம் பள்ளியின் ஆரம்ப வகுப்புகளிலிருந்தே உங்களோடு இருக்கிறதா என்று யோசியுங்கள். அப்படியானால் ஏடிஎச்டி எனப்படும் கவனக் குறைபாட்டுக்கான பரிசோதனை செய்துகொள்ளலாம். துறுதுறுவென்று இல்லாத பெண் பிள்ளைகளிடம் அது பெரும்பாலும் கண்டுபிடிக்கப்படாமலே போய்விடுகிறது. அது இருப்பது உறுதியானால், சிகிச்சையோடு தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளைக் கேட்கவும் பல கல்வி நிறுவனங்களில் வழி உண்டு. ரத்தசோகை, தைராய்டு கோளாறு இரண்டும்கூட இப்படிப்பட்ட களைப்பைத் தரும், சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். உங்கள் கல்லூரியில் ஆலோசகர் இருந்தால் முதலில் அவரிடம் போகலாம். அவரிடம் பேசுவதைப் பொதுவாக வீட்டுக்கோ துறைக்கோ சொல்ல மாட்டார்கள், உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் தவிர. போகும்போது நேரம் குறித்த அந்தச் சின்ன நோட்டையும் எடுத்துப் போங்கள். எப்போது தூங்குகிறீர்கள், எப்போது கவனம் நழுவுகிறது என்று அவர்கள் முதலில் கேட்கப்போகும் கேள்விகளுக்கு அதில் பதில் இருக்கும்.